பால் சுரக்காத அந்த நான்காம் நாள்

என் மகள் 2009 பிப்ரவரியில் பிறந்தாள். சுகப்பிரசவம்தான். ஆனால் நஞ்சுக்கொடி முழுவதும் வெளிவராமல் ரத்தப்போக்கு நிற்காததால், பிரசவம் நடந்த சிறிய மருத்துவமனையிலிருந்து இரவோடு இரவாக ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டு செல்லப்பட்டேன். வழியிலேயே எனக்கு நினைவு தப்பிவிட்டது. ஐந்து பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகே நாடி நிலைக்கு வந்ததாக என் கணவர் பின்னர் சொன்னார். கருப்பை காப்பாற்றப்பட்டது, குழந்தையும் நலமாக இருந்தது. பெரிய கண்டம் தாண்டிவிட்டோம் என்றுதான் வீட்டில் அனைவரும் நினைத்தோம்.

நான்காம் நாளும் பால் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. அம்மா பால்சுறாப் புட்டு செய்தார், பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார், முருங்கைக்கீரை இல்லாத நாளே இல்லை. மார்பு கனக்கவோ கட்டவோ இல்லை. ரத்தம் அவ்வளவு போன உடம்பில் பால் எப்படி ஊறும் என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். பால்பொடிக்கு மாறினோம். அதன்பின் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, எந்த மருத்துவரும் கேட்கவில்லை. என் நோயின் முதல் அறிகுறியும் மிகத் தெளிவான அறிகுறியும் அதுவே என்பது எனக்குத் தெரிய எட்டரை ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளில் மற்ற அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மாதவிலக்கு திரும்பவேயில்லை. அக்குளில் இருந்த முடி உதிர்ந்தது, பிறகு முளைக்கவில்லை. சித்திரை வெயிலிலும் இரவில் போர்வை வேண்டியிருந்தது. குரல் கரகரத்தது, தோல் உலர்ந்தது, கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் மதியத்துக்கு மேல் பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கூட்டி முடிப்பதற்குள் கண் செருகியது. உறவினர் திருமணங்களில் என்னைப் பார்த்தவர்கள், "பிள்ளை பெற்ற பிறகு நல்ல நிறம் வந்துவிட்டாய்" என்று பாராட்டினார்கள். அந்த வெளுப்பும் நோயே என்பதைப் பின்னால் அறிந்தேன்.

சிகிச்சை எடுக்காமல் இருந்துவிடவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, சத்து டானிக், ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கான மாத்திரை என்று எல்லாம் சாப்பிட்டேன். 2013-இல் ஒரு மருத்துவர் தைராய்டாக இருக்கலாம் என்று சரியாகவே ஊகித்து தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச் ஹார்மோனின் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அளவு 3.1 என்று வந்தது. இயல்பான வரம்புக்குள் இருப்பதால் தைராய்டில் ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று. அந்தத் தாளை நான் நான்கு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, போகுமிடமெல்லாம் காட்டி, எனக்குத் தைராய்டு இல்லை என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

2017 ஆகஸ்டில் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு வந்தது. வீட்டில் மூவருக்கும் வந்தது. மற்ற இருவரும் மறுநாளே எழுந்து நடமாட, என்னை மட்டும் காலையில் எழுப்ப முடியவில்லை. அவசரப் பிரிவில் எடுத்த ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே போகக் கூடாத இடத்தில் 114-ஆகவும், சர்க்கரை 52-ஆகவும் இருந்தன. பணியில் இருந்த பொது மருத்துவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், பிறகு என் கணவரிடம், "கடைசிப் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா? குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தார்களா?" என்று கேட்டார். எட்டரை ஆண்டுகளில் அந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். நெருக்கடியில் உடலைத் தாங்கும் கார்டிசோல் ஹார்மோனின் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்காகக் காத்திராமல், அதன் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி ஊசியை நரம்பில் போடச் சொன்னார். மாலையில் நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

அன்றிரவு முழுவதும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியத்தைப் பரிசோதித்தார்கள். குறைந்திருந்த சோடியம் வேகமாக ஏறினால் மூளைத் தண்டின் நரம்புறைகள் சிதைந்துபோகும் என்பதால், ஒரு நாளைக்கு 8 முதல் 10 அலகுக்குமேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கார்டிசோல் இல்லாத உடலில், நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோன் கட்டுப்பாடின்றிச் சுரந்து, ரத்தத்திலுள்ள உப்பை நீர்க்கச் செய்கிறது. கார்டிசோல் கிடைத்ததும் அந்தத் தடை விலகி, சிறுநீர் மளமளவெனப் பிரிந்து, சோடியம் தாவி ஏறும். காப்பாற்றும் மருந்தே அளவு தவறினால் கெடுக்கும் என்பதை மருத்துவமனையின் முதல் இரவிலேயே பார்த்துவிட்டேன்.

முடிவுகள் வந்தன. கார்டிசோல் 1.2. காலை நேரத்தில் 3-க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை உறுதி, அதுவும் உடல் அவ்வளவு நெருக்கடியில் இருந்தபோது அது பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சினின் ஃப்ரீ டி4 அளவு 0.8-க்கு மேல் இருக்க வேண்டியது 0.4. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், சினைப்பையைத் தூண்டும் எப்.எஸ்.எச், எல்.எச் ஆகிய அனைத்தும் அடிமட்டத்தில் இருந்தன. டி.எஸ்.எச் மட்டும் 2.9, அதாவது வழக்கம்போல் "இயல்பு". எம்.ஆர்.ஐ படத்தில், மூளையின் அடியில், மற்ற சுரப்பிகளுக்குக் கட்டளையிடும் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்க வேண்டிய எலும்புக் குழி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. நோயின் பெயர் ஷீஹன் நோய்த்தொகுப்பு. பிரசவத்துக்குப் பின் இறந்த பெண்களின் உடல்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் நோய்க்குறியியல் அறிஞர் ஹெரால்ட் ஷீஹன் 1937-இல் இதை விரிவாக எழுதினார். கர்ப்பகாலத்தில், பால் சுரக்கவைக்கும் செல்கள் பெருகுவதால் பிட்யூட்டரி பெரிதாகிறது. அதற்கு வரும் ரத்தமோ குறைந்த அழுத்தத்தில் வருவது. பெருத்த சுரப்பிக்கு ரத்தம் மிகுதியாகத் தேவைப்படும் அந்த நேரத்தில் உதிரப்போக்கால் அழுத்தம் சரிந்தால், சுரப்பியின் முன்பகுதி சில மணி நேரத்தில் மடிந்துவிடுகிறது. என் விஷயத்தில் அது மதுரை செல்லும் ஆம்புலன்ஸிலேயே நடந்திருக்கக்கூடும். பிரசவகால உதிரப்போக்குக்கு விரைவான சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இந்நோய் அரிதாகிவிட்டது. நம் நாட்டில் அவ்வாறில்லை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பிள்ளை பெற்ற பெண்களிடையே நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு மூன்று பேரிடம் இந்நோயைக் கண்டது.

டி.எஸ்.எச் சரியாக இருக்கும்போது தைராக்சின் எப்படி இல்லாமல் போகும் என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தை எங்கள் ஊர்க் கண்மாயை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். கண்மாயில் மடையைத் திறந்து அடைப்பதற்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். வயல் காய்ந்தால் மடையைக் கூடுதலாகத் திறப்பார், நிறைந்தால் அடைப்பார். தைராய்டுக்கு நீர்பாய்ச்சி பிட்யூட்டரி. டி.எஸ்.எச் என்பது அது கொடுக்கும் குரல். தைராய்டு சுரப்பியே பழுதானால், வயல் காய்வதைக் கண்டு பிட்யூட்டரி உரக்கக் கத்தும், டி.எஸ்.எச் 20, 50 என ஏறும். பெரும்பாலானவர்களின் குறைபாடு இவ்வகை என்பதால், அந்த ஓர் எண்ணைப் பார்த்தாலே போதும் என்ற வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. என்னிடம் நீர்பாய்ச்சியே படுத்துவிட்டார். வயல் வெடித்துக் கிடந்தபோதும் அவரால் கத்த முடியவில்லை. எஞ்சிய செல்கள் சுரந்த டி.எஸ்.எச் பரிசோதனையில் எண்ணாகத் தெரிந்தாலும் அதற்கு வீரியம் குறைவு. 2013-இல் டி.எஸ்.எச்சுடன் ஃப்ரீ டி4-ஐயும் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இதை எழுதத் துணிந்ததற்கே அதுதான் காரணம். களைப்பு, குளிர் தாங்காமை, மாதவிலக்கு நின்றுபோதல், பால் சுரக்காமை ஆகியவை ஒன்றாக இருக்கும் பெண்ணுக்கு டி.எஸ்.எச் மட்டும் பார்ப்பது போதாது.

அப்படியானால் எட்டரை ஆண்டுகள் நான் எப்படி உயிரோடிருந்தேன்? கார்டிசோலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியே, உடலின் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டீரோனையும் சுரக்கிறது. அது பிட்யூட்டரியின் கட்டளைக்குப் பெரிதும் காத்திருப்பதில்லை. சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனினும் ரத்தத்திலுள்ள பொட்டாசியமுமே அதை நடத்துகின்றன. அதனால் என் பொட்டாசியம் கடைசிவரை இயல்பாக இருந்தது, ரத்த அழுத்தமும் அன்றாட நாட்களில் ஓரளவு தாங்கியது. அட்ரினலே அழிந்துபோகும் அடிசன் நோயில் இந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த நோயாளிகளின் தோல் கறுத்துப்போகும். ஏனென்றால் அவர்களுடைய பிட்யூட்டரி அட்ரினலை எழுப்பச் சுரக்கும் ஏ.சி.டி.எச் மிகுந்து, தோலின் நிறமிகளையும் தூண்டுகிறது. எனக்கு அந்த ஏ.சி.டி.எச் இல்லாததால்தான் தோல் வெளுத்தது. திருமண வீடுகளில் கிடைத்த பாராட்டின் பொருள் இதுதான்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் ஹைட்ரோகார்டிசோன், சில நாட்கள் கழித்தே தைராக்சின். தைராக்சின் உடலின் வேகத்தைக் கூட்டி, இருக்கும் கொஞ்சக் கார்டிசோலையும் விரைவில் கரைத்துவிடும் என்பதால், முந்தைய ஆண்டுகளில் யாரேனும் எனக்குத் தைராக்சின் மட்டும் கொடுத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கலாம். இயற்கையில் கார்டிசோல் விடியலில் உச்சத்திலும் நள்ளிரவில் அடிமட்டத்திலும் இருக்கும். அதைப் பின்பற்றி, எழுந்தவுடன் 10 மி.கி, பகல் ஒரு மணிக்கு 5 மி.கி, மாலை ஐந்து மணிக்கு 2.5 மி.கி என்று பிரித்துக் கொடுத்தார்கள். தைராக்சின் 25 மைக்ரோகிராமில் தொடங்கி 75 வரை ஏறியது. கார்டிசோலின் பலன் மணிக்கணக்கில் தெரிந்தது. தைராக்சினின் பலன் தெரிய ஆறு வாரங்கள் ஆயின. ஒரு நாள் காலையில் என்னையறியாமல் மின்விசிறியைச் சுழலவிட்டேன். அதைக் கண்ட என் மகள் சமையலறைக்கு ஓடிப்போய், "பாட்டி, அம்மாவுக்குப் புழுங்குதாம்!" என்றாள்.

பிறகு சினைப்பை சுரக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்தன. எனக்கு அப்போது 34 வயது. எலும்பின் அடர்த்தி அந்த வயதுக்குரியதாக இல்லை. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் களைப்பு மீண்டும் எட்டிப் பார்த்தது. அம்மாத்திரை ரத்தத்தில் தைராக்சினைப் பற்றிக்கொள்ளும் புரதத்தைக் கூட்டுவதால், திசுக்களுக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறதாம். தைராக்சின் 100 ஆயிற்று. வளர்ச்சி ஹார்மோன் ஊசி தினமும் போட வேண்டியது, செலவும் அதிகம் என்பதால் அதைத் தவிர்த்துவிட்டோம். புரோலாக்டினுக்கு மாற்று மருந்து எதுவும் இல்லை.

ஹைட்ரோகார்டிசோன் ஒரு ஸ்டீராய்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் வீங்கும், எலும்பு உருகும் என்று உறவினர்கள் அஞ்சி நிறுத்தச் சொன்னார்கள். உடல் தானே சுரக்க வேண்டிய அளவை மட்டும் ஈடுசெய்வதற்கும், வேறொரு நோயை அடக்க அதற்கு மேல் பல மடங்கு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மி.கி ஊசி போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி மருந்து வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் ஒரு டப்பாவில் இருக்கிறது. என் கணவர் அதைத் தொடையில் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார். இதுவரை இரண்டு முறை தேவைப்பட்டிருக்கிறது.

2019-இல் அந்த எண் என்னை மறுபடியும் ஏமாற்றப் பார்த்தது. வெளியூரில் சளிக்காய்ச்சலுக்குப் போன இடத்தில் எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச் 0.02 என்று வந்தது. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று அங்கிருந்த மருத்துவர் தைராக்சினைப் பாதியாக்கினார். வழக்கமான தைராய்டு நோயாளிக்கு அது சரியான முடிவே. எனக்கு டி.எஸ்.எச் அப்படித்தான் இருக்கும். என் அளவை ஃப்ரீ டி4-ஐக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். எனக்கும் அது அப்போது தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போர்வை திரும்பி வந்தபோதுதான் உறைத்தது. அதன்பின் என் கைப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். "ஹைட்ரோகார்டிசோனை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது, டி.எஸ்.எச் பார்த்துத் தைராக்சினை மாற்றக் கூடாது" என்று அதில் எழுதி, என் மருத்துவர் கையொப்பமிட்டிருக்கிறார்.

2022-இல் என் அண்ணன் மகளுக்கு முதல் பிரசவம் ஆனது. அவளுக்கும் உதிரப்போக்கு, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். செய்தி கேட்ட நிமிடத்திலிருந்து எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. நான்காம் நாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, பால் வந்ததா என்றுதான் முதலில் கேட்டேன். "மாரெல்லாம் கல்லாட்டம் கட்டிக்கிட்டு வலி தாங்கல அத்தை" என்று அவள் அழுதாள். வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுத்துப் பிள்ளைக்கு அடிக்கடி கொடு என்று சொல்லி வைத்துவிட்டு, வாசல்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பால் வந்துவிட்டாலும் பகுதிச் சேதம் இருக்கக்கூடும் என்பதால், ஆறாம் வாரம் அவளை அழைத்துப் போய் காலை எட்டு மணிக் கார்டிசோலையும், டி.எஸ்.எச்சோடு ஃப்ரீ டி4-ஐயும் பார்த்தோம். மூன்றும் சரியாக இருந்தன.