அம்மாவும் 1900ஆம் ஆண்டு வீடும்

2 நவம்பர் 2024, சனி

லண்டனில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. பேரனைப் பார்க்க ஜூலையில் கோவில்பட்டியிலிருந்து வந்த அம்மாவுக்கு இந்த இருட்டுதான் பெரிய தொல்லை. பழைய பொருள் கடையில் வாங்கிவைத்திருந்த டிவிடி ஒன்றை இன்று போட்டேன்: ‘1900 ஹவுஸ்’. 1999இல் இங்கே சேனல் 4 தொலைக்காட்சியில் வந்த தொடர். லண்டனில் சார்ல்டன் பகுதியில் ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொண்டு, மின்கம்பி, வெப்பமூட்டும் குழாய் எல்லாவற்றையும் பிடுங்கியெறிந்து, 1900இல் எப்படி இருந்திருக்குமோ அப்படி மாற்றினார்கள். எரிவாயு விளக்கு, நிலக்கரி அடுப்பு, கொல்லையில் கழிப்பறை. அதில் நம் காலத்துக் குடும்பம் ஒன்று மூன்று மாதம் வாழ்ந்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள்.

சார்ல்டன் எங்கள் உல்விச்சுக்கு அடுத்த ஊர். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடும் அதே அச்சில் வார்த்ததுதான். முன்னறையில் பலகை வைத்து அடைத்த கணப்பு, குறுகிய மாடிப்படி, பின்னால் ஒட்டுக் கட்டடம். திரையில் வீட்டைக் காட்டியதும் அம்மா திரும்பி எங்கள் சுவரைப் பார்த்தார். “இது நம் வீடு மாதிரியே இருக்கிறதே” என்றார்.

முதல் சில நாள் அந்த அடுப்பு அவர்களுக்கு வசப்படவில்லை. வெந்நீர் கிடைக்காமல் குடும்பமே தவித்தது. அம்மாவுக்குத் தாளவில்லை. “கரியை இப்படி அடைத்துவைத்தால் காற்று எங்கே போகும்? அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லக்கூடாதா?” இருபத்தைந்து வருடத்துக்கு முன் எடுத்த படம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

3 நவம்பர், ஞாயிறு

இன்று தலைமுடி விவகாரம். ஷாம்பூ கிடையாது என்பதால் அந்த வீட்டுப் பெண்கள் முட்டையைத் தேய்த்துப் பார்த்தார்கள். பிசுக்கும் நாற்றமும்தான் மிச்சம். கடைசியில் பொறுக்க முடியாமல் கடைக்குப் போய் ஷாம்பூ வாங்கி விதியை மீறினார்கள். நான் அவர்கள் பக்கம். அந்த மீறலை மறைக்காமல் காட்டியது இந்தத் தொடரின் நேர்மை என்றும் நினைக்கிறேன்.

அம்மாவின் தீர்ப்பு வேறு: “முட்டை தேய்த்தால் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் ஊற்றினால் முட்டை தலையிலேயே வெந்துவிடும்.”

துணி துவைக்கும் காட்சி வந்ததும் பேச்சு நின்றுபோனது. செப்புக் கொப்பரையில் தண்ணீர் காய்ச்சி, துணியை வேகவைத்து, கட்டையால் குத்தி, உருளையில் கொடுத்துப் பிழிந்து, ஒரு நாளே அதில் கரைகிறது. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் திங்கட்கிழமை என்றாலே துவைக்கும் நாள். அம்மாவுக்கு 1986 வரை விறகடுப்புதான். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “சாம்பலை எங்கே கொட்டுகிறார்கள்? அதைக் காட்டவே இல்லையே.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். லண்டனில் வீட்டு வீட்டுக்கு வந்து சாம்பலை அள்ளிப் போவார்கள். இங்கே குப்பைத்தொட்டியை ‘டஸ்ட்பின்’, அதாவது தூசித்தொட்டி, என்று சொல்வதே அந்தக் கரித்தூசியால் வந்த பெயர். “அது தெருவிலிருந்து அள்ளுகிறவர்கள். அடுப்பிலிருந்து தெரு வரைக்கும் யார் கொண்டுபோனார்கள்?” என்றார்.

9 நவம்பர், சனி

அந்தக் கேள்விக்கான பாதி பதில் தொடரிலேயே இருக்கிறது. வேலை தாங்காமல் அந்த வீட்டு அம்மா ஒரு வேலைக்காரப் பெண்ணை அமர்த்திக்கொள்கிறார். 1900இல் அப்படிப்பட்ட நடுத்தரக் குடும்பத்தில் அது சாதாரணம். 1901இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். பெண்கள் பார்த்த வேலைகளிலேயே அதுதான் பெரியது. ஆனால் இந்த அம்மாவுக்குத் தன் வீட்டு அழுக்கை இன்னொரு பெண் முழங்காலிட்டுத் தேய்ப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தொடரிலேயே சிறந்த இடம் எனக்கு இதுதான். இடுப்பை இறுக்கும் கார்செட்டும் சவரக்கத்தியும் பார்க்கச் சுவையானவை, யாரும் காட்டிவிடலாம். ஒரு நல்ல மனுஷி, தன் கை ஓய்வதற்காக இன்னொருத்தியின் கையைக் கேட்டுவிட்டு, அதைக் கேட்ட மனத்தோடு மல்லுக்கட்டுவதைக் காட்டுவது எளிதல்ல.

ஊரில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருவார். பின்வாசல் வழியாகத்தான் வருவார். ஏன் பின்வாசல் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இதை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

12 நவம்பர், செவ்வாய்

அமெரிக்காவில் எடுத்த ‘ஃபிரான்டியர் ஹவுஸ்’ தொடரில் இரண்டு பகுதி பார்த்தோம். 2002இல் அங்கே பிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. மூன்று குடும்பங்கள், மொன்டானாவில், 1883இன் குடியேறிகளாக ஐந்து மாதம். 1862இன் சட்டப்படி 160 ஏக்கர் நிலம், ஐந்து வருடம் அதில் குடியிருந்து பயிர்செய்தால் சொந்தம். முடிவில் வல்லுநர்கள் வந்து விறகையும் வைக்கோலையும் கணக்கிட்டு, குளிர்காலத்தைத் தாண்டுவார்களா என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அம்மா அந்த விறகு அடுக்கைப் பார்த்த மாத்திரத்தில், “போதாது” என்றார். குழந்தை அழுததால் நிறுத்திவிட்டோம்.

17 நவம்பர், ஞாயிறு

நேற்றும் இன்றும் ‘எட்வர்டியன் கன்ட்ரி ஹவுஸ்’. இதுவும் 2002தான், சேனல் 4. காட்டும் காலம் 1905ஐ ஒட்டியது. ஸ்காட்லாந்தின் மேண்டர்ஸ்டன் மாளிகை. வெள்ளிக் கைப்பிடிப் படிக்கட்டு உள்ள வீடு. மேலே ஒரு குடும்பம் பிரபுக்களாக, கீழே பட்லர் முதல் எடுபிடிப் பையன் வரை வேலையாட்களாக, மூன்று மாதம். ‘1900 ஹவுஸ்’ தொடரில் ஓரமாக வந்துபோன வேலைக்காரர் கேள்வி இங்கே வீட்டையே இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

எல்லோருக்கும் கீழே, பாத்திரம் துலக்கும் பெண். முதலில் வந்தவள் ஓரிரு நாளில் கிளம்பிவிட்டாள். அடுத்து வந்தவளும் நிலைக்கவில்லை. மூன்றாவதாக வந்தவள்தான் தாக்குப்பிடித்தாள். இதைக் குறையாக நினைத்தவர்கள் இருக்கலாம். எனக்கு அது அந்தத் தொடர் சொன்ன பெரிய உண்மை. 1905இல் கிளம்ப நினைத்த பெண்ணுக்குப் பின்னால் பசித்த வீடு இருந்திருக்கும். நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அடுத்த வீட்டில் சேர்க்கவும் மாட்டார்கள். கேமராவுக்கு முன்னால் இருந்தவளுக்குக் கதவு திறந்திருந்தது. பசியையும் குளிரையும் நடிக்க வைக்கலாம். போக்கிடம் இல்லாததை நடிக்க வைக்க வழியில்லை.

மேல்மாடியில் இன்னொரு வலி. எஜமானியின் சகோதரி, கல்யாணமாகாதவர், செய்ய ஒன்றுமில்லாமல் வாடிப்போய்ச் சில காலம் வீட்டைவிட்டு வெளியே போய்த் திரும்பினார். ஆனாலும் முடிவில் மேல்மாடிக்காரர்களுக்குத்தான் விடைபெற மனம் வரவில்லை. கீழே இருந்தவர்களின் முகத்தில் விடுதலை.

படம் முடிந்ததும் அம்மா தானாகவே சொன்னார். “நம் வீட்டுக்கு வந்தாளே, அவளும் இரண்டு தடவை நின்றுவிட்டாள். மாமியார் ஆள் அனுப்பி அழைத்துவந்தார். ஏன் நின்றாய் என்று நானும் கேட்கவில்லை.” பிறகு குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். சின்னத் துணிதான், ஒவ்வொன்றையும் நீவி நீவி வெகுநேரம் மடித்தார்.

24 நவம்பர், ஞாயிறு

மழை விட்டிருந்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அம்மாவைச் சார்ல்டனுக்கு அழைத்துப் போனேன். படம்பிடித்த வீட்டைத் தேடவில்லை. அங்கே யாரோ குடியிருப்பார்கள். தொந்தரவு செய்வது முறையல்ல. அதே மாதிரி வீடுகள் உள்ள தெருக்களில் சும்மா நடந்தோம். வாசலில் கார்கள், குப்பைத் தொட்டிகள், ஒரு சைக்கிள்.

அம்மா நின்று மேலே பார்த்தார். இரண்டு வீடுகளுக்கும் பொதுவான புகைபோக்கி, அதன்மேல் வரிசையாகச் செம்மண் குழாய்கள். அவை என்ன என்று கேட்டார். பெரும்பாலும் ஒரு கணப்புக்கு ஒரு குழாய் என்றேன். விரலை நீட்டி எண்ணினார். எட்டு.

“அப்படியானால் ஒரு வீட்டுக்கு நான்கு” என்றார். “அதில் இரண்டு, மாடியில் இருக்கும். காலையில் எல்லோரும் எழுவதற்கு முன்னால் ஒருத்தி மேலே ஏறி, சாம்பலை அள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கியிருப்பாள்.”

தள்ளுவண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை அவரே தள்ளினார்.