அவர் கத்தாத ஹாஃப் டைம்

எங்கள் கால்பந்து அணியின் மேனேஜரிடம் போய் அதைச் சொன்னவன் நான்தான். நிர்வாகத்தில் யாருக்கும் தைரியமில்லை. அசிஸ்டன்ட் கோச்சுக்கு இதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் போலிருக்கிறது. "சார், பசங்க பயப்படறாங்க. கொஞ்ச நாளைக்குக் கத்தாம இருந்து பாருங்களேன்." சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிப்பா" என்றார். அவ்வளவுதான்.

காரணமில்லாமல் நான் போகவில்லை. பயம் முகத்தில் தெரிவதற்கு முன்பே ஆட்டத்தில் தெரிந்துவிடும். பக்கத்தில் நடுக்களத்தில் ஆடும் மிட்ஃபீல்டர், எதிரணி ஆள் யாரும் மறிக்காமல் நிற்பான். கோலுக்கு முன்னால் தடுத்தாடும் சென்டர் பேக் அவனுக்குக் கொடுக்காமல் பந்தை முன்னால் தூக்கி அடிப்பான். பாஸ் தப்பினால் திட்டு விழும், தூக்கி அடித்ததற்கு விழாது, அதுதான் கணக்கு. ஓரமாக ஏறி ஆடும் விங்கர் தன்னைக் காவல் காக்கும் எதிரணி ஆளின் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்துகொள்வான், பந்து தன்னிடம் வந்துவிடக் கூடாது என்று. கேலரியிலிருந்து பார்ப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். இடது ஓரத்தில் தடுத்தாடும் எங்கள் லெஃப்ட் பேக் நிலைமை இன்னும் மோசம். ஒரு பாதி முழுக்க மேனேஜர் நிற்கும் பக்கக் கோட்டை ஒட்டியே அவன் ஓட வேண்டும். பந்தைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம்.

இங்கிலாந்தின் ஹல் சிட்டி அணியின் கதையும் மனதில் இருந்தது. 2008 டிசம்பர் 26 அன்று மான்செஸ்டர் சிட்டியிடம் 4-0 என்று பின்தங்கியபோது, அதன் மேனேஜர் பில் பிரவுன் தன் வீரர்களை ஹாஃப் டைமில் மைதானத்திலேயே, ரசிகர்கள் கண்ணெதிரே உட்கார வைத்துத் திட்டினார். ஆட்டம் 5-1 என்று முடிந்தது. அதன்பின் அந்த சீசனில் அவர்கள் லீகில் வென்றது ஒரே ஒரு ஆட்டம். கோபம் ஒரு அணியை உடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அன்று இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் 1-1. இறுதியில் அவர்கள் 17-ஆம் இடம் பிடித்து, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தும்விட்டார்கள். 2003 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் கோபத்தில் உதைத்த பூட் அவருடைய வீரர் பெக்காமின் புருவத்தில் பட்டது. அந்த சீசனில் அவர்கள்தான் சாம்பியன். ஜெயிக்கிற அணியில் கோபம் சுவாரசியமான கதை, தோற்கிற அணியில் அதுவே காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆட்டத்தில் ஹாஃப் டைமுக்கு 1-0 பின்தங்கியிருந்தோம். மேனேஜர் உள்ளே வந்தார், தண்ணீர் குடித்தார், போர்டில் இரண்டு அம்புக்குறி போட்டார். "அகலமா ஆடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பதினைந்து நிமிடம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. வெளியே நடக்கும்போது கேப்டன் என் காதோரம் கேட்டான்: "மேனேஜர் நம்மள கைவிட்டுட்டாரா சார்?"

"அதெல்லாம் இல்ல, போய் ஆடு" என்றேன். வேறு என்ன சொல்வது? நான்தான் அவரைக் கத்த வேண்டாம் என்றேன் என்றா?

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் அதற்குப் பிறகு வாங்கிய கோல்கள் குறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். லெஃப்ட் பேக் பந்தைக் கேட்டு வாங்க ஆரம்பித்தான், துணிந்து முன்னால் ஏறினான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் செய்தது சரி என்று தோன்றும். கேப்டனைப் பார்த்தால் அது கலைந்துவிடும். அவனுக்கு அந்தத் திட்டு, "உன்னால் இதைவிட நன்றாக ஆட முடியும்" என்று யாரோ இன்னும் நம்புவதன் அடையாளம். ஒரே அறை, ஒரே மௌனம். ஒருவன் மூச்சுவிட்டான், இன்னொருவன் திணறினான். யாருக்காக நான் பேசப் போனேன்? தொடர்ந்து தோற்கும் அணி எப்படியும் ஓரளவு தேறத்தான் செய்யும், கோல் குறைந்ததற்கு மௌனம் காரணமே இல்லை என்றும் வாதாடலாம். வாதாடியிருக்கிறேன், என்னோடேயே.

கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். மேனேஜரை அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நீ சொன்னது சரிதான்ப்பா" என்றார். கத்திச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.