தமிழ் ஹையர்: மூன்றாவது முறையில் தேறினேன்

தமிழ்த் தட்டச்சு முதுநிலைத் தேர்வில், அதாவது காரைக்குடி இன்ஸ்டிடியூட்டுகளில் எல்லோரும் ‘ஹையர்’ என்று சொல்லும் தேர்வில், மூன்றாவது முறையாக எழுதித் தேறியிருக்கிறேன். சான்றிதழைப் பார்த்தால் மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் முதலில் வருகிறது. பிப்ரவரி, ஆகஸ்ட் என்று ஆண்டுக்கு இருமுறைதான் தேர்வு நடக்கும் என்பதால், ஒருமுறை தவறினால் ஆறு மாதம் போய்விடுகிறது.

இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல் போதும். அது முதல் முயற்சியிலேயே முடிந்தது. முதுநிலைக்கு 45 சொல் வேண்டும். அந்த வேகத்தில் பத்து நிமிடம் தொடர்ந்து தட்டியபோதுதான் என் பகைவர் யார் என்று தெரிந்தது: புள்ளி. தமிழ் இயந்திரத்தில் அது நகரா விசை. முதலில் புள்ளியைத் தட்டினால் காகிதத்தைத் தாங்கி நகரும் கேரியேஜ் அசையாமல் நிற்கும், பிறகு தட்டும் எழுத்து அதன் அடியில் வந்து அமரும். மெய்யெழுத்து இல்லாத வரி தமிழில் அரிது, ஆனால் அந்த விசை இருப்பதோ வலக்கைச் சுண்டுவிரலுக்கு. விரல் ஒரு கணம் பிந்தினால் ‘பக்கம்’ என்பது ‘பகக்ம்’ ஆகிவிடும். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவை அந்த நாள்களில் நான் மனத்துக்குள் திட்டாத நேரமில்லை.

முதல் தோல்விக்கு நானே காரணம். கோட்டையூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து இரண்டு மணி நேரம் தட்டினேன் என்பது உண்மை. தட்டியதெல்லாம் மனப்பாடமாகிவிட்ட பழைய வினாத்தாள்கள் என்பதும் உண்மை. இரண்டாம் முறை, இயந்திரங்களைத் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோக வேனில் ஏற்றும்போது, நான் பழகியது வேறொருவர் பெயருக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்ததில் புள்ளி விசை கல்லாய் இருந்தது, நான்காம் நிமிடத்தில் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. தேர்வுக்குச் செல்பவர்கள் இயந்திரத்தின் எண்ணை முன்பே குறித்துவைத்து, வேனில் ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

மூன்றாம் முறைக்கு எங்கள் டீச்சர் வேகத்தையே விட்டுவிடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் வெற்றி, ஒப்பந்தம், அச்சகம் என்று புள்ளி விழும் சொற்கள் மட்டும். பிழையில்லாமல் ஒரு பக்கம் வரும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. விழுந்த பிழையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் அதிலிருந்தே தொடங்க வேண்டும். முதல் மாதம் என் வேகம் முப்பதுக்கு இறங்கியது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முந்திப் போனதைப் பார்த்து ஒருநாள் பேருந்து நிலையத்திலேயே அழுதிருக்கிறேன். மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எந்திரி, இன்னைக்குப் போதும்” என்றார். பத்து நிமிடத் தாளில் மூன்றே பிழை.

தேர்வு நல்லபடியாக முடிந்தது. இம்முறை சிக்கல் காகிதத்தில் வந்தது. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பச்சி, அதாவது என் அப்பா, பெருமையாக எங்கள் விலாசம் முழுவதையும் முன்னெழுத்தாகக் கொடுத்திருந்தார். விலாசம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது முகவரியை அல்ல, முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசையை. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அப்படியே இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பியவர், இத்தனை எழுத்து எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதைத் திருத்த மூன்று முறை அலைந்தேன். ஒருமுறை உரியவர் விடுப்பு, ஒருமுறை நகலில் சான்றொப்பம் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் முன்னெழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

சான்றிதழை வீட்டில் காட்டியபோது அப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “விலாசம் சரியாத்தான் இருக்கு” என்றார்.