பூம்பாறை பூண்டுக் காட்டுல மொட்டவால் பாம்பு

கொடைக்கானலுக்கு இந்த தடவ காட் ரோட்ட விட்டுட்டு பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடுன்னு சுத்திப் போனோம், வழி பூரா காபித் தோட்டம், நல்ல மழ. தாண்டிக்குடிக்கு முன்னாடி ஒரு பலா மரத்துல மலை அணில் பாத்தோம். பின்னங்கால மட்டும் கிளையில மாட்டிக்கிட்டு தலகீழா தொங்கி ரெண்டு கையாலயும் பழத்தப் பிடிச்சுத் தின்னுது, உடம்ப விட நீளமான வால் அந்தப் பக்கம் தொங்கி பேலன்ஸ் பண்ணுது. மரத்துக்கு மரம் 20 அடி வரைக்கும் தாவும், தரைக்கு வர்றதே அபூர்வம்.

ஆனா நான் எழுத வந்தது வாலே இல்லாத மாதிரி இருக்குற ஒரு ஜீவனப் பத்தி.

பூம்பாறையில பூண்டுக் காட்டுல பாத்தி வெட்டிக்கிட்டு இருந்தவங்க திடீர்னு "பாம்பு பாம்பு"ன்னு சத்தம் போட்டாங்க. ஓடிப் போய் பாத்தா ஒரு அடி கூட இல்ல, கரும்பழுப்பு நிறம், கழுத்தோரமா மஞ்சக் கோடு, வால யாரோ கத்தியால சீவி விட்ட மாதிரி மொட்டையா இருக்கு. ஒரு பெரியவர் மம்பட்டிய ஓங்கிட்டாரு. "ஐயா வேணாம்யா, அதுக்கு விஷமே கெடையாது"ன்னு சொல்லி கையில எடுத்தேன். கடிக்கல, கடிக்க வரவும் இல்ல, கூரான மூக்க என் விரல் இடுக்குல விட்டு மண்ணுக்குள்ள போற மாதிரியே முட்டிக்கிட்டு இருந்துச்சு, அந்தத் தம்மாத்தூண்டு உடம்புல அவ்ளோ பலம்!

இதுக்கு கேடயவால் பாம்புன்னு பேரு. உலகத்துலயே தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் மட்டும்தான் இந்தக் குடும்பம் இருக்கு. 1863-லயே பெடோம்ங்கிற வெள்ளக்கார அதிகாரி இதுல ஒரு இனத்துக்கு பழனி மலை பேரையே வெச்சிருக்காரு.

வால் நுனிய கிட்ட வெச்சுப் பாத்தேன், சொரசொரன்னு செதில், அது மேல ஈர மண்ணு கெட்டியா ஒட்டியிருக்கு. அந்த மண்ணுதான் அதுக்குக் கதவு. வளைக்குள்ள போனதும் பின்னாடி வர்ற எதிரிக்கு வாலும் மண்ணும் சேந்து வழிய அடச்சிரும், அப்படியே கொத்துனாலும் அடி வால்ல விழும், தல தப்பிச்சிரும். ஆனா மத்த உடம்புல ஒரு பொட்டு மண்ணு ஒட்டல, வெயில்ல திருப்புனா வானவில் கலர் மின்னுது, செதில் மேல இருக்குற கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான வரிதான் காரணம். தோண்டுற விதம் இன்னும் அதிசயம்: தோலுக்குள்ளயே முதுகெலும்ப வளச்சு உடம்ப உப்ப வெச்சு வளையில இறுக்கிக்கிட்டு தலய முன்னாடி தள்ளும். சளைக்காம இப்படியே போறதுக்குன்னு முன்பக்கத் தசை மட்டும் தனி பலம். சாப்பாடு மண்புழு. முட்ட போடாது, குட்டிதான்.

பெரியவர் ரொம்ப நேரம் பாத்துட்டு, "இத்தன வருசமா ரெட்டத்தல பாம்புன்னு அடிச்சுக்கிட்டு இருந்தோமே தம்பி"ன்னாரு. வரப்போரமா ஈரமான இடத்துல அவரே கொண்டு போய் விட்டாரு.

மழ பேஞ்சா இதுங்க மேல வரும், ரோட்டக் கடக்கும். மன்னவனூர் போற வழியிலயே நசுங்கிக் கெடந்தது ஒண்ணப் பாத்தோம், மனசு ஆறல. மழ நாள்ல அந்தப் பக்கம் வண்டி ஓட்டுறவங்க தயவுசெஞ்சு கொஞ்சம் மெதுவா போங்க.