நம்பர் பிளேட் பல்பும் அரிவாள்மனையும்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் பக்கம் குடிவந்து மூன்றாம் நாள். கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் நின்றார். தள்ளுவண்டியில் கைக்குழந்தை, இடுப்பில் தோல் உறை, உறைக்கு மேலே கைத்துப்பாக்கியின் பிடி. வெங்காயத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன். மஃப்டி போலீஸ் என்று நினைப்பு.

"போலீஸும் இல்ல ஒண்ணும் இல்லல. அவரு பாட்டுக்குக் காய் வாங்க வந்திருக்காரு" என்றார் அண்ணாச்சி. அவருக்கும் பாளையங்கோட்டைதான். இங்கே வந்து பதினெட்டு வருஷம்.

நம்மூரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்கூட தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார்கள். டெக்சாஸிலும் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய மாட்டிக்கொண்டு திரிவது ஒரு காலத்தில் குற்றமாகத்தான் இருந்தது. 1871-இல் போட்ட தடை. 2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி வேறு சட்டத் தடை எதுவும் இல்லாதவருக்கு லைசென்ஸே வேண்டாம், உறையில் இருந்தால் சரி. லைசென்ஸ் உள்ளவரும் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டாம் என்கிற கடைக்காரர் வாசலில் 30.07 என்ற சட்டப்பிரிவு எண்ணோடு ஒரு போர்டு மாட்டிவிடலாம். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குல உயர எழுத்தில். நான் கறிவேப்பிலை வாங்கும் கடைக் கதவிலும் அது தொங்குகிறது. மாவு பாக்கெட் தள்ளுபடி நோட்டீஸுக்குப் பக்கத்தில்.

இதில் எனக்குப் பங்கில்லை. எச்1பி விசாக்காரன் துப்பாக்கி வைத்திருந்தால், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, மத்திய அரசின் சட்டப்படி அதுவே குற்றம்.

போலீஸின் பாடுதான் சங்கடம். ஒருவர் இடுப்பில் துப்பாக்கி தெரிகிறது என்பது மட்டுமே இப்போது குற்றம் ஆகாது. அந்தப் பழக்கம் அவர்கள் கண்ணுக்கும் வர வேண்டுமே. 2016 ஜூலை 7 அன்று டல்லாஸ் நடுவூரில் ஊர்வலம் போனபோது ஐந்து போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். ஊர்வலத்தில் சட்டப்படியே ரைஃபிளோடு நடந்தவர்கள் இருபது முப்பது பேர் என்று அப்போதைய போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் சொன்னார். அவர்களில் ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே வெளியிட்டுவிட்டது. அவரோ கேள்விப்பட்டதும் தன் ரைஃபிளைப் போலீஸ்காரர் கையிலேயே கொடுத்துவிட்டார். குற்றமற்றவர் என்று விட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்பவர், போலீஸ் நிறுத்திய காரிலேயே போலீஸ் அதிகாரியால் சுடப்பட்டுச் செத்தார். துப்பாக்கிக்கு முறையான பர்மிட் வைத்திருந்தவர். துப்பாக்கி இருக்கிறது என்று அவரே வாயைத் திறந்து சொன்னார். சுட்ட அதிகாரி மறுவருஷம் விடுதலை.

இதையெல்லாம் சொல்லித்தான் அண்ணாச்சி எனக்குப் பாடம் எடுத்திருந்தார். "பின்னால சைரன் லைட்டு போட்டாம்னா ஓரங்கட்டு. வண்டிய விட்டு மட்டும் இறங்கிராதல. கை ரெண்டும் ஸ்டியரிங்லயே இருக்கணும். அவனா கேக்கிறவரைக்கும் டேஷ்போர்டத் திறக்காத."

சொல்வது சுலபம். முருகன்குறிச்சியில் டிராஃபிக் போலீஸ் கை காட்டினால் வண்டியை ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, "சார்" என்று நாமே ஓடிப்போவதுதானே மரியாதை? அந்த ஓட்டம் காலிலேயே ஊறிப்போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை ராத்திரி, அண்ணாச்சி வீட்டு விசேஷம் முடிந்து திரும்பும்போது கண்ணாடியில் சிவப்பும் நீலமும் சுழன்றது. ஓரங்கட்டினேன். என் இடது கை என்னைக் கேட்காமல் கதவுப் பிடிக்குப் போய்விட்டது. சட்டென்று இழுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். விரல் நடுங்கியது கண்ணுக்குத் தெரிந்தது.

டார்ச் வெளிச்சம் முதலில் பின் சீட்டில் விழுந்தது, அப்புறம் என் கையில், கடைசியில்தான் முகத்தில். இளவயசு அதிகாரி. பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு குட்டி பல்பு உண்டாம், அது எரியவில்லையாம். ஐம்பது அடி தூரத்தில் நம்பர் தெரிய வேண்டும் என்பது சட்டம். இடுப்பில் துப்பாக்கியோடு வெங்காயம் வாங்கலாம், பல்பு அவிந்த காரில் வீட்டுக்குப் போகக் கூடாது!

லைசென்ஸ், இன்சூரன்ஸ் பார்த்தார். பிறகு, வண்டியில் ஆயுதம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். திருநெல்வேலிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? டிக்கியில் தினத்தந்தியில் சுற்றிய அரிவாள்மனை கிடந்தது. அத்தை ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. விசேஷத்துக்கு இரவல் கொடுத்து, திரும்ப வாங்கி வந்துகொண்டிருந்தேன். துப்பாக்கி இல்லை, டிக்கியில் ஒரு பெரிய கத்தி இருக்கிறது, மரப்பலகையில் பொருத்தியது, தரையில் உட்கார்ந்து காய் வெட்டுவோம் என்று விளக்கினேன். என் இங்கிலீஷில் அது சித்திரவதைக் கருவி மாதிரிதான் ஒலித்தது.

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தியையும் பெரியவர்கள் பெரும்பாலான இடங்களுக்குக் கொண்டுபோக 2017 முதலே இங்கே அனுமதி உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, பல்பை மாற்றிவிடுங்கள் என்றார். போகிற போக்கில், தரையில் உட்கார்ந்தா வெட்டுவீர்கள் என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரோடு காருக்குப் பின்னால் குந்தியிருந்தபோது அத்தை வீடியோ காலில் வந்தார்கள். முழுக் கதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான்.

"போலீஸ்காரங்கிட்ட நீங்களாவா மாப்பிள அருவாமனையக் காட்டிக் குடுத்தீங்க?"