குப்பியோவில் ஒரு சென்டிமீட்டர் களிமண்

இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில் உள்ள குப்பியோவுக்கு வருகிறவர்கள் மலைச்சரிவில் ஏறி நிற்கும் கல்வீடுகளையும் பழைய மாளிகைகளையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் போனது ஊருக்கு வெளியே, ஸ்கெஜ்ஜா போகும் சாலையோரத்துப் பாறையைப் பார்க்க. டைனோசர்கள் அழிந்த காலத்து எல்லையைக் காட்டும் மெல்லிய களிமண் அடுக்கு ஒன்று அதில் இருக்கிறது. ரோம்–அன்கோனா ரயில் பாதையில் ஃபொசாட்டோ டி வீகோ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஊருக்கு வரலாம். ஊரிலிருந்து, அந்தப் பாறை இருக்கும் பொத்தாச்சோனே பள்ளத்தாக்கு நடக்கிற தூரம்தான். சாலையில் வளைவுகள் அதிகம், கார்கள் வேகமாக வருகின்றன. பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிற என்னைப் போன்ற ஆட்கள் கொஞ்சம் ஓரமாக நடப்பது நல்லது.

சாலையை ஒட்டியே இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக்கல் அடுக்குகள் சாய்ந்து நிற்கின்றன. ஸ்காலியா ரோஸா என்று பெயர். ஒரு காலத்தில் ஆழ்கடல் தரையில் படிந்த சேறு, பின்னால் அப்பெனைன் மலைகள் மடிந்து எழுந்தபோது கூடவே தூக்கிவிடப்பட்டது. இது படிந்த வேகம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு சென்டிமீட்டர், சில பகுதிகளில் அதற்கும் குறைவு. உள்ளங்கையை விரித்துப் பாறைமேல் வைத்தேன். மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கியதிலிருந்து இன்றுவரையான காலம் மொத்தமும் அந்தக் கைக்கடியில் அடங்கிவிடும்.

நடக்க நடக்கப் பாறையில் வட்ட வட்டமான துளைகள் தென்படும். யாரோ விளையாட்டாகப் போட்டவை என்று நினைத்துவிட வேண்டாம், காந்த ஆய்வுக்காகத் துளையிட்டு எடுத்த மாதிரிகளின் தடங்கள் அவை. 1970-களில் புவியியலாளர் வால்டர் ஆல்வரெஸும் புவியியற்பியலாளர் வில்லியம் லவ்ரியும் இங்கே வந்தது டைனோசர்களுக்காக அல்ல. இத்தாலிய நிலத்துண்டு காலப்போக்கில் திரும்பியிருக்கிறதா என்பதைப் பாறையில் பதிந்த காந்தத் திசையை வைத்துக் கண்டுபிடிக்க வந்தார்கள். கிடைத்ததோ பூமியின் காந்தப்புலம் வடக்கும் தெற்குமாக மாறி மாறிப் புரண்டதன் வரிசையான பதிவு. அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் அதே பாறையில் அந்தக் களிமண் அடுக்கும் காத்திருந்தது.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. களிமண் அடுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் சுரண்டி எடுத்ததில் அது இருந்த இடம் உள்ளே குடைந்துபோய்க் கிடக்கிறது. கைலென்ஸை வைத்து அதற்குக் கீழே உள்ள கல்லைப் பார்த்தேன். மணல் பருமனில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தவை ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிரிகளின் ஓடுகள். லென்ஸை அந்தக் குடைவுக்கு மேலே நகர்த்தினால் ஒன்றுமே கண்ணில் படவில்லை. மேலே அறவே இல்லாமல் இல்லை, நுண்ணோக்கி வைத்தால் மட்டுமே தெரிகிற பொடி வகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு இந்த ஊரின் பழைய பெயரையே வைத்து ‘யுகுபினா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நிறமும் மாறுகிறது. களிமண்ணுக்குச் சற்றுக் கீழே கல் வெளிறியிருக்கிறது, மேலே போனால் மறுபடி சிவப்பு. செத்த உயிர்ப்பொருள் கீழிறங்கி இரும்பின் சிவப்பை அழித்துவிட்டது என்கிறார்கள்.

வால்டர் கேட்ட கேள்வி மிகச் சாதாரணமானது: இந்தக் களிமண் படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? அவருடைய அப்பா லூயிஸ் ஆல்வரெஸ் 1968-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். விண்தூசி எப்போதும் சீராகத் தூவிக்கொண்டே இருக்கிறது, அதில் வரும் இரிடியத்தை (பூமியின் மேற்பரப்பில் மிக அரிதான உலோகம்) அளந்தால் காலம் தெரிந்துவிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷலும் அளந்தார்கள். இரிடியம் சுற்றியிருந்த கல்லைவிட ஏறக்குறைய 30 மடங்கு இருந்தது. இந்த அளவு தூசியாக மெல்ல வந்திருக்க முடியாது. சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறுகோள் ஒன்று மோதியது என்று 1980-ல் நால்வரும் எழுதினார்கள். மோதிய பள்ளம் மெக்சிகோவின் யுகட்டானில் புதைந்திருப்பது 1991-ல்தான் ஊர்ஜிதமாக வெளியானது. எண்ணெய் தேடிய புவியியற்பியலாளர்கள் அந்த வட்டத்தை 1981-லேயே ஒரு கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதுவரை பாடப்புத்தகக் கதை. பலரும் இதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு உண்மையான சுவாரஸ்யம் இதற்குப் பிறகுதான், ஏனென்றால் அதே மெல்லிய அடுக்கிடம் இப்போது வேறு வேறு கேள்விகள் கேட்கிறார்கள்.

மோதியது எங்கிருந்து வந்தது? 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, பல இடங்களிலிருந்து எடுத்த இந்த எல்லைக் களிமண்ணில் ருத்தேனியம் என்ற உலோகத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட அணு வகைகளை, அளந்தது. வியாழனுக்கு அப்பால் உருவான கார்பன் வகைச் சிறுகோள் அது, வால்நட்சத்திரம் அல்ல என்பது முடிவு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து சிதறிய கல்லின் பிறந்த இடத்தை இந்த அளவு களிமண்ணை வைத்துச் சொல்ல முடிகிறது என்பதை நான் அந்தக் குடைவுக்கு முன்னால் நின்றபோது இரண்டு தரம் யோசித்துப் பார்த்தேன்.

எந்தப் பருவத்தில் மோதியது? அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் செவுள்களில் மோதல் துகள்கள் சிக்கியபடியே செத்த மீன்கள் கிடைத்தன. மரத்தின் வளையங்கள்போல அவற்றின் எலும்பிலும் வளர்ச்சி பதிவாகியிருக்கிறது. வடகோளத்தில் அப்போது வசந்தம் என்று 2022-ல் அறிவித்தார்கள். 2023-ல் இன்னொரு குழு, பொடிந்த பாறையின் நுண்தூசியை வைத்துக் கணினி மாதிரிகளை ஓட்டியது. அந்தத் தூசி 15 ஆண்டுகள் வரை வளிமண்டலத்தில் தங்கியிருக்கலாம், ஒளிச்சேர்க்கை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நின்றுபோயிருக்கலாம் என்றது. மாதிரிக் கணக்குதான், ஆனால் கடலிலும் நிலத்திலும் உணவுச் சங்கிலி ஏன் அடியிலிருந்தே அறுந்தது என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் நான் படித்ததில்லை.

சரி, அழிவுக்கு நம் தக்காண எரிமலைகள் காரணமில்லையா? மகாபலேஷ்வர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள், படிப்படியாக அடுக்கிய கருங்கல் பாளங்கள். அந்தக் குழம்பு வழிந்ததும் இதே காலத்தில்தான். 2019-ல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அதன் வயதை வெளியிட்டன. ஆர்கான் முறையில் கணக்கிட்டவர்கள், பெரும்பகுதி மோதலுக்குப் பிறகு வந்தது என்றார்கள். யுரேனியம்–ஈயம் முறையில் கணக்கிட்டவர்கள் நான்கு பெரும் வீச்சுகள், அவற்றில் ஒன்று மோதலுக்குச் சில பத்தாயிரம் ஆண்டுகள் முன்பே என்றார்கள். அடுத்த ஆண்டு கடல்படிவுகளைப் பார்த்தவர்கள், எரிமலை வாயுவால் வந்த வெப்பம் மோதலுக்கு முன்பே தணிந்துவிட்டது, பேரழிவுக்கு முக்கியக் காரணம் சிறுகோள்தான் என்றார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் அழிவுக்குப் பிறகு உயிர்கள் மீண்டு வந்த வேகத்தில் தக்காணக் குழம்புக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்ற வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: சுத்தியல் வேண்டாம், ஏற்கெனவே போதுமான அளவு சுரண்டியாகிவிட்டது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், அது இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது வெறும் சிவப்புக் கல். காந்தத் துளைகளைத் தேடுவதற்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். நேரம் இருந்தால் பக்கத்துக் கொன்டெஸ்ஸா பள்ளத்தாக்குக்கும் போகலாம், இதே எல்லை அங்கேயும் வெளித்தெரிகிறது.