ஹாடோவின் லாப்: 1878 வலையைக் கட்டி ஆடிப் பார்த்தது

விம்பிள்டனின் இரண்டாவது சாம்பியன் ஃபிராங்க் ஹாடோ, இலங்கையில் காப்பித் தோட்டத் துரையாக இருந்தவர். தமிழகத்திலிருந்து கடல் தாண்டிப் போன கூலிகளின் உழைப்பில் அந்தத் தோட்டங்கள் ஓடிய காலம். 1878இல் விடுமுறைக்கு இங்கிலாந்து வந்தவர் விம்பிள்டனில் இறங்கினார், ஒரு செட்கூட விடாமல் ஜெயித்தார், தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். மறு வருடம் பட்டத்தைக் காக்கவும் வரவில்லை. அவருடைய டென்னிஸ் வாழ்க்கை ஏறக்குறைய அவ்வளவுதான்.

கடைசி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் 1877 சாம்பியன் ஸ்பென்சர் கோர்: 7-5, 6-1, 9-7. கோர் வலையருகே வந்து, பந்து தரையில் படும் முன்பே வாலி அடித்தே முதல் பட்டத்தை வாங்கியவர். ஹாடோ பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார்; அதுதான் லாப். இதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று சொல்வார்கள். எனக்கு அது இடித்தது. ஆள் முன்னால் நின்றால் மேலே தூக்கிப் போட யாருக்கும் தோன்றாதா என்ன? சரி, அன்றைய வலையில் ஆடிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

அன்று கம்பத்தருகே வலையின் உயரம் 4 அடி 9 அங்குலம், நடுவில் 3 அடி. இப்போது கம்பத்தில் மூன்றரை அடிதான். ஒற்றையர் கோட்டுக்கு 3 அடி வெளியே இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, அங்கிருந்து நடு வலைக்குக் கயிறு இழுத்து, இடைவெளியைப் பழைய வேட்டித் துணியால் மறைத்தேன். பார்க்கத் தூளி மாதிரி இருந்தது. பக்கக் கோட்டுக்கு நேர் மேலே உயரம் நாலேகால் அடியைத் தாண்டியது. இப்போதைய மட்டையில் சுழற்றி அடித்தால் பந்து வலையைத் தாண்டியதும் இறங்கிவிடும். அது ஏமாற்று வேலை. அதனால் இருவருமே பழைய மர மட்டை.

கோர் வேடம் நண்பனுக்கு. ஓரமாக அவனைத் தாண்டி அடிக்கப் பார்த்தேன். வேகமாக அடித்தால் துணியில் மோதியது, உயர்த்தி அடித்தால் கோட்டைத் தாண்டிப் போனது. மெதுவாக அடித்தால் அவன் சாவகாசமாக நகர்ந்து தட்டிவிட்டான். தாழ்வான ஒரே வழி நடு. அங்கேதான் அவன் நிற்கிறான். இடம் மாறியதும் அவனே சொன்னான்: "மாப்ள, இதுல ஓரமா அடிக்க வழியே இல்லடா, தூக்கித்தான் போடணும்."

ஆக, லாப் என்பது அந்த வலை விட்டுவைத்த ஒரே வாசல் என்றுதான் எனக்குப் படுகிறது. அது எடுபட இன்னொரு காரணமும் உண்டு. தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் 1880களில் இங்கிலாந்து ஆட்டக்காரர்களான ரென்ஷா சகோதரர்கள் கையில்தான் பெரிய ஆயுதமானது. அதனால் முதலில் ஸ்மாஷுக்குத் தடை போட்டிருந்தேன். தூக்கிப் போட்ட பந்துக்கெல்லாம் நண்பன் பின்னால் ஓடினான். தடையை நீக்கியதும் கதை மாறியது. பின்கோட்டை ஒட்டி விழுந்த லாப் மட்டுமே தப்பியது.

அடுத்து கம்பத்தருகே 4 அடிக்கு இறக்கி ஆட வேண்டும். ஓரம் எந்த உயரத்தில் திறக்கிறது என்று தெரிய வேண்டும். துணிக்குப் பதில் பழைய வலைத் துண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். காற்றடித்தால் வேட்டி நிற்க மாட்டேன் என்கிறது.